பழைய டீசல் பிக்கப்புக்குப் புது மூச்சு

சென்ற பொங்கல் விழாவுக்கு வந்திருந்த அன்பர்களுக்கு அது மறந்திருக்காது. பகல் பன்னிரண்டரைக்குப் பந்தி என்று அறிவித்தாகிவிட்டது. சாம்பார், கூட்டு, அவியல், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் தயார். இலை மட்டும் வரவில்லை. கடைசியில் யாரோ ஸ்கூட்டரில் போய்க் காகிதத் தட்டு வாங்கி வந்து முதல் இரண்டு பந்திகளை ஒப்பேற்றினோம். மும்பை மாட்டுங்காவிலிருந்து வாழையிலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு புனேவுக்கு வந்த வண்டி, கோபோலி தாண்டி கண்டாலா மலைப்பாதையில் மூச்சுத் திணறி நின்றுவிட்ட செய்தி இரண்டு மணிக்குத்தான் தெரிந்தது.

வண்டியை ஓட்டி வந்த பையனை அன்று பலரும் கடிந்துகொண்டார்கள். நானும்தான். அதற்குப் பிராயச்சித்தமாக அடுத்த ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளை அந்த வண்டியோடு கழித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அனுபவத்தையும், ரயில்வே டீசல் ஷெட்டில் முப்பத்தெட்டு ஆண்டுகள் கற்றதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இட்லி மாவு, தேங்காய், பூ, கேட்டரிங் என்று பழைய டீசல் வண்டியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் நம்மிடையே சில உண்டு. அவர்களுக்குப் பயன்படலாம்.

பையனின் தகப்பனார் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் நெருங்கிய நண்பர். ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு, 2009-ஆம் ஆண்டு டாடா 207 டி.ஐ. பிக்கப் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கி மகனுக்குக் கொடுத்தார். அவர் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பொங்கல் கழிந்த மறுநாள் அவர் மனைவி எனக்குப் போன் செய்து, “அண்ணா, அந்த வண்டியை வித்துத் தொலைன்னு நீங்களாவது சொல்லுங்க. நான் சொன்னா காதுலயே போட்டுக்க மாட்டேங்கறான்” என்றார். பையனோ, “மாமா, டர்போ கிட் ஒண்ணு போட்டா மலை ஏறிடும்னு மெக்கானிக் சொல்றார். நாப்பத்தஞ்சாயிரம்தான். அப்பா வாங்கின வண்டியை எப்படி மாமா விக்கிறது?” என்றான். இருவருக்கும் பதில் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நான் சொன்ன முதல் வார்த்தை, “தம்பி, எதையும் மாட்டறதுக்கு முன்னாடி, கம்பெனி கொடுத்த சக்தியில எவ்வளவு பாக்கி இருக்குன்னு பார்ப்போம்” என்பதுதான். பதினைந்து வயதைத் தாண்டிய டீசல் வண்டியில் சக்தி ஒரேயடியாகப் போய்விடுவதில்லை. நூறு ரூபாய் நோட்டைச் சில்லறையாக மாற்றிச் செலவழித்ததுபோல், அங்கே ஐந்து, இங்கே பத்து என்று போயிருக்கும். ஓட்டுபவனுக்கும் நாளடைவில் அது பழகிவிடும். திரும்ப எடுப்பதும் சில்லறை சில்லறையாகத்தான்.

டீசல் இஞ்சினின் அடிப்படை ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். பெட்ரோல் இஞ்சினில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் காற்று வழி திறக்கும். இந்த மாதிரிப் பழைய டீசலில் காற்று வழி எப்போதும் திறந்தே இருக்கும். மிதிப்பது டீசலின் அளவை மட்டுமே கூட்டும். ஒரு லிட்டர் டீசல் முழுதாக எரிவதற்குச் சுமார் பத்தாயிரம் லிட்டர் காற்று வேண்டும். அதுவும் கணக்குக்கு; நடைமுறையில் புகையில்லாமல் எரிய இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே தேவை. அந்த 207-இல் இருப்பது 497 என்ற இஞ்சின். பெயரிலேயே கணக்கு இருக்கிறது: 4 ஸிலிண்டர், ஒவ்வொன்றும் 97 மில்லிமீட்டர் விட்டம். பிஸ்டன் ஓட்டம் 100 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 2956 ஸி.ஸி. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது, தடையே இல்லாவிட்டால், அது 4400 லிட்டர் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். நம் வீட்டுப் பெரிய தண்ணீர் டிரம் இருபத்திரண்டு! ஒரு நிமிடத்தில்! அந்த மூச்சு வழியில் ஒரு கைக்குட்டை அளவு தடை இருந்தால்கூட என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

காற்று போதாமல் டீசல் மட்டும் கூடினால் எரியாத கரி கறுப்புப் புகையாக வெளியே வரும். கறுப்புப் புகையைக் கண்டால் ‘நல்ல இழுப்பு’ என்று நினைக்கும் டிரைவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது பணம் புகைவது. நீலப் புகை என்றால் இஞ்சின் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை வந்தால் டீசல் எரியாமலே போகிறது, அல்லது தண்ணீர் உள்ளே நுழைகிறது.

முதல் ஞாயிறு நாங்கள் ஸ்பேனரையே தொடவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் அளவுகளை எழுதினோம். ஷெட்டில் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் அது. டாங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி மைலேஜ் பார்த்தோம். சுமையோடு நின்ற இடத்திலிருந்து அறுபது கிலோமீட்டர் வேகம் எடுக்க எத்தனை விநாடி என்று ஒரே சாலையில், ஒரே திசையில் மூன்று முறை பார்த்தோம். புகைப் பரிசோதனை நிலையத்தில் 79 என்று காட்டியது, பி.எஸ்.4-க்கு முந்தைய டீசல் வண்டிக்கு அனுமதி 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு. முன்பு சான்றிதழ் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். பையன் தலையைச் சொறிந்தான். நான் மேலே கேட்கவில்லை.

இரண்டாவது ஞாயிறு காற்று வழியைப் பிரித்தோம். ஏர் ஃபில்டரின் காகித எலிமெண்டைக் கழற்றி, இருட்டில் அதற்குள் ஒரு பல்பை வைத்துப் பார்த்தேன். நட்சத்திரம் மாதிரி ஐந்தாறு புள்ளிகள் மின்னின. கம்ப்ரஸரில் முழு அழுத்தத்தையும் வைத்து ஊதி ஊதிக் காகிதம் கிழிந்திருக்கிறது. மற்ற இடங்களில் தூசி கெட்டியாக அப்பியிருந்தது. ஃபில்டருக்கு அடுத்த ரப்பர் ஹோஸுக்குள் வெள்ளைத் துணி சுற்றிய விரலை விட்டுத் துடைத்தால் துணி செம்மண் நிறமாக வந்தது. கிளிப்புக்கு அடியில் ஹோஸில் ஒரு வெடிப்பு. அந்தத் தூசி நேராக ஸிலிண்டருக்குப் போய் உப்புக் காகிதம்போல் தேய்த்துக்கொண்டிருந்தது. புது எலிமெண்ட், புது ஹோஸ், இரண்டு புதுக் கிளிப். வெளிக் காற்றைக் கொண்டுவரும் குழாயை யாரோ தூக்கி எறிந்திருந்தார்கள். பானட்டுக்குள் இருக்கும் சூடான காற்றையே இஞ்சின் குடித்துக்கொண்டிருந்தது. காற்று பத்து டிகிரி சூடேறினால் அதன் அடர்த்தி மூன்று சதவீதம் குறையும். அந்த மூன்று சதவீதம் இஞ்சினுக்கும் நஷ்டம். பழைய இரும்புக் கடையில் ஒரு குழாய் தேடிப் பிடித்து மாட்டினோம். பானட்டைத் திறந்தால் பளபளவென்று தெரியும் கூம்பு ஃபில்டரை விற்கிறார்களே, அது வேண்டாம். அதுவும் அதே சூட்டுக் காற்றைத்தான் இழுக்கும்.

இங்கே என் சொந்த அசட்டுத்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1980-களில், நான் புது சார்ஜ்மேனாக இருந்தபோது, ‘சரக்கு வண்டியை இழுக்கவில்லை’ என்ற புகாரோடு ஒரு லோகோ ஷெட்டுக்கு வந்தது. டிப்ளமா படித்தவன் என்ற மிடுக்கோடு, இரண்டு நாள் உட்கார்ந்து பதினாறு ஃபியூயல் பம்ப்புகளில் ஒன்பதை மாற்றினேன். லோட் பாக்ஸில் போட்டுப் பார்த்தால் ஒரு முன்னேற்றமும் இல்லை, புகைதான் கூடியது. ஓய்வு பெற இரண்டு மாதமே இருந்த ஒரு மூத்த ஃபிட்டர், பீடியை அணைத்துவிட்டு வந்து, காற்றுக் குழாய் இணைப்பில் கையை வைத்து, “இங்கே காத்து போகுது பாபு” என்று இந்தியில் சொன்னார். ஒரு ரப்பர் பூட் கிழிந்திருந்தது. அரை மணி வேலை. அன்று முதல் எந்த டீசலைக் கண்டாலும் என் கை முதலில் காற்றுப் பக்கம்தான் போகும்.

காற்று சரியானதும் வண்டி கொஞ்சம் தெளிந்தது; புகை முழுதும் போகவில்லை. மூன்றாவது ஞாயிறு டீசல் வழி. டாங்கிலிருந்து வரும் பைப்பில் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடிபோல் உள்ளே தெரியும் டீசல் குழாயைத் தற்காலிகமாகச் செருகி ஓடவிட்டோம். சோடா மாதிரி குமிழிகள் ஓடின. உறிஞ்சும் பக்கத்தில் எங்கோ காற்று நுழைகிறது. இரண்டு செம்பு வாஷர்கள் பழையவை. அவற்றை மாற்றியதும் குமிழி நின்றது. ஃபீட் பம்ப்பின் சிறு சல்லடையில் டாங்கின் துரு அடைத்திருந்தது. டாங்கையே இறக்கிக் கழுவினோம். காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்ற நெடுநாள் புகார் அன்றோடு தீர்ந்தது. பேட்டரியை மாற்ற இருந்த பணம் மிச்சம்.

எந்த ஸிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்க ஒரு பழைய முறை உண்டு. இஞ்சின் மெதுவாக ஓடும்போது இஞ்ஜெக்டருக்குப் போகும் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்த வேண்டும். நட்டைத் தளர்த்தியதும் இஞ்சின் தடுமாறினால் அந்த ஸிலிண்டர் உழைக்கிறது. தடுமாறாவிட்டால் அது சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறது. பழகிய மெக்கானிக் மட்டுமே இதைச் செய்யட்டும். துணியால் மூடிக்கொள்ளாமல் செய்யவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வலி தெரியாது, விரல் போய்விடும். எங்கள் வண்டியில் மூன்றாவது ஸிலிண்டர் பாதிச் சம்பளத்துக்கு உழைத்துக்கொண்டிருந்தது.

இஞ்ஜெக்டர்களையும் பம்ப்பையும் கழற்றி, டெஸ்ட் பெஞ்ச் உள்ள நல்ல பட்டறைக்குக் கொண்டுபோனோம். அந்தச் செலவில் கஞ்சத்தனம் கூடாது. நான்கு நாஸில்களில் இரண்டு தூவுவதற்குப் பதில் ஒழுகின. நான்கையும் மாற்றி, கம்பெனி சொன்ன அழுத்தத்தில் திறக்கும்படி வைத்தார்கள். பம்ப்பைப் பெஞ்சில் ஏற்றியபோதுதான் பொங்கலன்று நடந்ததன் முழுக் காரணமும் தெரிந்தது. அதிகபட்ச டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் ஸ்குரூவில் ஓர் ஈய முத்திரை இருக்கும். அது இல்லை. ஸ்குரூ நன்றாகத் திருப்பப்பட்டிருந்தது.

பையன் அப்போதுதான் உண்மையைச் சொன்னான். சென்ற தீபாவளிக்கு முன் ஒரு மெக்கானிக், “பம்ப்பைக் கொஞ்சம் திறந்துவிடறேன், பறக்கும்” என்று இரண்டாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு செய்திருக்கிறார். முதல் வாரம் பறந்ததாம். பறக்கத்தான் செய்யும். ஏற்கெனவே காற்று போதாத இஞ்சினுக்கு மேலும் டீசல் கொடுத்தால், கொஞ்ச நாள் சக்தி கூடுவதுபோல் இருக்கும். கூடவே புகைவாயுவின் சூடு எகிறும். மலை ஏறும்போது அந்தச் சூடு நிமிடக் கணக்கில் நீடிக்கும். பிஸ்டன் தலை, வால்வு, ஹெட் கேஸ்கெட் எல்லாம் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். எரியாத கரி இஞ்சின் ஆயிலில் கலந்து அதைக் கூழாக்கும். அன்று கண்டாலாவில் வண்டி நின்றது நல்லதற்கே. இன்னும் இரண்டு மைல் ஓடியிருந்தால் பிஸ்டன் பிடித்திருக்கலாம். பட்டறையில் டீசல் அளவைக் கம்பெனிக் கணக்குக்குக் குறைத்து, நான்கு ஸிலிண்டருக்கும் சமமாக்கி, புது முத்திரை போட்டார்கள். டீசலைக் குறைத்த பிறகு வண்டி முன்பைவிட நன்றாக இழுத்தது. பையனுக்கு அதை நம்ப மூன்று நாள் ஆயிற்று.

சூட்டைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? நான்காவது ஞாயிறு ரேடியேட்டர் பக்கம். தெர்மோஸ்டாட்டைக் காணோம். ‘நம் நாட்டு வெயிலுக்கு அது எதற்கு’ என்று கழற்றி எறிவது நம் மெக்கானிக்குகளின் பரம்பரை வழக்கம். தெர்மோஸ்டாட் இல்லாத இஞ்சின் சமவெளியில் சூடேறாமலே ஓடும். சூடேறாத டீசல் இஞ்சின் சரியாக எரிக்காது, சீக்கிரம் தேயும். மலையிலோ நேர் எதிர். பல இஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது பக்கவழியை மூடி முழுத் தண்ணீரையும் ரேடியேட்டருக்கு அனுப்பும். அதை எடுத்துவிட்டால் பக்கவழி எப்போதும் திறந்திருக்கும்; சூடான தண்ணீரில் ஒரு பகுதி ஆறாமலே சுற்றிச் சுற்றி வரும். சில நூறு ரூபாய்ப் பொருள் அது. விசிறியைச் சுற்றியுள்ள கூடும் இல்லை. ஏதோ விபத்தில் உடைந்ததாம். கூடு இல்லாவிட்டால் விசிறி ரேடியேட்டர் வழியே இழுக்காமல் பக்கத்திலிருக்கும் காற்றையே கலக்கிக்கொண்டிருக்கும். இரண்டையும் மாட்டி, ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, பச்சைத் தண்ணீருக்குப் பதில் கூலண்ட் ஊற்றினோம். லோகோ ஷெட்டில் இஞ்சின் தண்ணீரை மருந்து கலக்காமல் ஊற்றவே மாட்டோம். வால்வு இடைவெளியையும் அன்றே சரி செய்தோம்.

இதற்கெல்லாம் நடுவில், யாரும் சந்தேகிக்காத திருடன் ஒருவன் பின் சக்கரத்தில் இருந்தான். இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஒவ்வொரு சக்கர டிரம்முக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோனேன். இடப்பக்கப் பின் டிரம்மின் அருகே கை வைக்க முடியவில்லை. வீல் ஸிலிண்டர் துருப்பிடித்து, பிரேக் ஷூ சதா உரசிக்கொண்டே இருந்தது. ஒரு காலில் சங்கிலி கட்டிக்கொண்டு மலை ஏறுகிற மாதிரி! பின் டயர்களில் ஒன்று வேறு அளவு. காற்றழுத்தம் நான்கிலும் நான்கு விதம். சைலன்ஸருக்குள் கரி அடைப்பு. பிரேக் வேலையை மட்டும் இரண்டு பின் சக்கரத்திலும் முழுதாகச் செய்தோம். ஏறுவதற்குச் சக்தி தேடுகிறவன் இறங்குவதையும் யோசிக்க வேண்டாமா?

சுமை விஷயத்தில் பையனோடு சின்னச் சண்டையே நடந்தது. இலைக்கட்டை கேபினுக்கு மேலே ஓர் ஆள் உயரம் அடுக்கி, மேலே தார்ப்பாயைப் படபடக்க விட்டு, எண்பதில் ஓட்டுவது அவன் வழக்கம். அறுபதிலிருந்து எண்பதுக்குப் போனால் எதிர்காற்றின் தடை ஒன்றே முக்கால் மடங்குக்கும் மேல் ஆகும். கட்டைத் தாழ்த்தி, நீளவாக்கில் அடுக்கி, தார்ப்பாயை இறுக்கிக் கட்டச் சொன்னேன். “மாமா, இது இஞ்சின் வேலையா?” என்று சிரித்தான். இஞ்சின் வேலைதான்.

டர்போ விஷயத்துக்கு வருகிறேன். நான் அதற்கு விரோதியல்ல. என் வாழ்நாள் முழுதும் டர்போ இஞ்சினோடுதான் கழிந்தது. ரயில்வேயின் டபிள்யூ.டி.எம்.2 லோகோ 2600 குதிரைத்திறன் கொண்டது. வாரணாசியில் 1964 முதல் தயாரான வண்டி. 1990-களில் அதே பதினாறு ஸிலிண்டர் இஞ்சினை 3100 குதிரைத்திறனுக்கு உயர்த்தினார்கள். ஸ்குரூவைத் திருப்பியா? மேலான டர்போ, பெரிய ஆஃப்டர்கூலர் என்று காற்றுக்கு வழி செய்து, 15 மில்லிமீட்டர் ஃபியூயல் பம்ப்பை 17 ஆக்கி, சூட்டைத் தாங்க எஃகுத் தலை பிஸ்டன் போட்டார்கள். காற்று, டீசல், சூடு, பலம் நான்கும் சேர்ந்து உயர்ந்தன. டர்போ இல்லாமல் பிறந்த 207-க்கு வெறும் டர்போவை மட்டும் மாட்டினால் மற்ற மூன்றும் பழையபடியே நிற்கும். பதினைந்து வருடம் தேய்ந்த இஞ்சின் அது. இன்னொன்று, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுப் புத்தக விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. தகுதிச் சான்றிதழுக்கு ஆண்டுதோறும் போக வேண்டிய வண்டி. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான். நாற்பத்தைந்தாயிரத்துக்கு அந்த வம்பு எதற்கு?

டீசல் பைப்பில் கட்டும் காந்தம், டாங்கில் போடும் மாத்திரை, டூ ஸ்ட்ரோக் ஆயில் கலப்பது இவற்றுக்கெல்லாம் ஒரு வரி போதும்: வேண்டாம். 2020 ஏப்ரலிலிருந்து நாடு முழுதும் கிடைப்பது பத்து பி.பி.எம். கந்தகம் மட்டுமே உள்ள பி.எஸ்.6 டீசல். கந்தகம் குறைந்ததால் பம்ப் தேயுமே என்று சிலர் பயப்படுகிறார்கள். டீசலின் வழவழப்புக்கும் தர வரையறை உண்டு, அதற்கு வேண்டியதைச் சுத்திகரிப்பு ஆலையிலேயே சேர்த்துவிடுகிறார்கள்.

ஐந்தாவது ஞாயிறு விடியற்காலை, மாட்டுங்காவிலிருந்து முழுச் சுமையோடு கிளம்பினோம். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மடியில் நோட்டுப் புத்தகம். போர் காட் மலையை ரயிலில் நூறு முறை ஏறியிருக்கிறேன். முப்பத்தேழு அடிக்கு ஓர் அடி ஏற்றம். கர்ஜத்தில் பின்னால் தள்ளும் இஞ்சின்களை மாட்டும் நேரத்தில் வடாபாவ் வாங்கித் தின்ற ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. இந்த வண்டிக்குத் தள்ளிவிட யாரும் இல்லை. முன்பு இரண்டாவது கியரில் முனகிய இடங்களில் மூன்றாவது கியரில் ஏறியது. கடைசி வளைவுகளில் மட்டும் இரண்டுக்கு இறங்க வேண்டியிருந்தது. சூட்டு முள் நடுக்கோட்டை ஒட்டியே நின்றது. கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். லேசான சாம்பல் நிறம், அவ்வளவுதான்.

மறுநாள் புகைப் பரிசோதனையில் 44 வந்தது. மைலேஜ் லிட்டருக்கு ஒன்பதிலிருந்து பதினொன்றரை ஆகியிருக்கிறது. எல்லாச் செலவும் சேர்த்து 33,400 ரூபாய்; பம்ப், இஞ்ஜெக்டர் வேலைக்கே அதில் பாதிக்கு மேல். பையனின் அம்மாவிடம் கணக்கை வாசித்தேன். “விக்க வேண்டாங்கறீங்களா அண்ணா?” என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். மூன்றாவது ஸிலிண்டரின் கம்ப்ரஷன் மற்றதைவிடக் குறைவாகவே இருக்கிறது. அந்தக் கிழிந்த ஃபில்டர் செய்த வேலை அது. நாஸில் மாற்றியும் அது தேறாது. ஓராண்டோ, ஒன்றரை ஆண்டோ ஓடும். பிறகு இஞ்சினைப் பிரித்து ரிங், லைனர் பார்க்க வேண்டிவரும். அப்போது ஆகும் செலவைப் பார்த்து, வைத்துக்கொள்வதா விற்பதா என்று முடிவு செய்யலாம். அதுவரை மாதம் ஒரு தொகையைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். வைக்கிறான் என்று அவர் போன வாரம் சொன்னார்.

நோட்டுப் புத்தகம் இப்போது பையனிடம் இருக்கிறது. ஒவ்வொரு முறை டீசல் போடும்போதும் எழுதுகிறான். சித்திரைத் திருநாள் விழாவுக்கு இலைக்கட்டு காலை ஏழே காலுக்கே வந்து சேர்ந்தது. அப்போது மண்டபத்தின் பூட்டைத் திறக்கக்கூட ஆள் வந்திருக்கவில்லை.